நான்காம் வேற்றுமை

வர்ஜீனியா, அலெக்சாண்ட்ரியா. ஐந்தாம் மாடி.
காப்புரிமைப் பரிசோதகர் இசத்து பங்குரா
காப்பி ஆறுவதற்குள் முதல் கோரிக்கையைப் படிக்கிறாள்:

குளிரில் விறைத்த ஆட்டுக்குட்டிக்குச் சூடு கொடுக்கும் பெட்டி.
இரட்டைச் சுவர். அடியில் வெந்நீர்த் தட்டு.
மேலே கம்பிவலைத் தளம். சரிந்து மூடும் கதவு.

அனுப்பியவள் வெர்னா டிவெட்,
மொன்டானாவில் ஹார்லோட்டனுக்கு அப்பால் ஒரு பண்ணை.
வக்கீல் இல்லை.
படங்களைத் தானே வரைந்திருக்கிறாள்,
பென்சில் தடத்தின் மேல் மசி.
மூன்றாம் படத்தில், யாரும் கேட்காமலே,
உள்ளே ஒரு குட்டி,
ஒரு காது மடிந்து.

இசத்து இரண்டரை நாள் தேடினாள்.
கிடைத்தார் ஆன்டன் ஹ்ரிபார்,
கிளீவ்லாந்தில் ரொட்டி சுட்டவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்று.
மாவு புளிப்பதற்குப் பெட்டி.
இரட்டைச் சுவர். வெந்நீர்த் தட்டு.
கம்பிவலை. சரிந்து மூடும் கதவு.

சட்டம் பெட்டியைப் பார்த்து
நீ என்ன என்று கேட்கும்.
எதற்கு என்று கேட்காது.
'கொடுக்கும்' என்ற பெயரெச்சத்தைத்
தோல் உரிப்பதுபோல் உரித்து ஓரமாய் வைக்கும்.
'குட்டிக்கு' என்பதில் அந்தக் 'கு'வைத்
தராசில் போட்டால் முள் அசையாது.
ஹ்ரிபாரின் பெட்டிக்குள் குட்டியை வைத்தால்
குட்டி பிழைக்கும். அது போதும்.
அவர் ஆயுளில் ஓர் ஆட்டையும் தொட்டதில்லை என்பது
வாதம் ஆகாது.

புதுமை இல்லை என்று எழுதி அனுப்பினாள்.

கோடு போட்ட தாளில் பதில் வந்தது:
"அம்மணி, உங்கள் கடிதம் ஆடுகள் ஈனுகிற வாரத்தில் கிடைத்தது,
தாமதத்துக்கு மன்னிக்கவும்.
ரொட்டிக்காரரின் பெட்டி நல்ல பெட்டி, குறை சொல்லமாட்டேன்.
ஆனால் இரவு மூன்று மணி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு,
கையில் ஒரு ஈரக் குட்டி,
அப்போது வந்து சொல்லுங்கள் இரண்டும் ஒன்றென்று."

இரண்டும் ஒன்றுதான்.
சூட்டில் மாவும் எழும், குட்டியும் எழும்.
இறுதி நிராகரிப்பு என்று தலைப்பு அடித்துவிட்டாள்.
பிறகு
அந்தக் காது ஏன் மடிந்திருக்கிறது?

எதன் விளிம்போ அதை அழுத்துகிறது.
முன்சுவரில் ஒரு பிளவு.
பக்கத்தில் பொடி எழுத்தில் நாற்பத்தாறு.
விளக்கவுரையில் புரட்டினாள், ஒன்பதாம் பக்கம்:
"46, தாய் மோப்பம் பிடிக்க.
மணம் மாறிய குட்டியைத் தாய் முட்டித் தள்ளிவிடும்."
கோரிக்கைகளில் எங்குமே நாற்பத்தாறு இல்லை.

ஹ்ரிபாரை மறுபடி எடுத்தாள்.
எங்கும் இடுக்கு கூடாது என்கிறார் அவர்,
காற்றுப் பட்டால் மாவின் மேல் ஏடு கட்டும்.

தொலைபேசியில் பின்னால் ஆடுகள்.
"நாற்பத்தாறைக் கோரிக்கையில் ஏன் சேர்க்கவில்லை?"
"அதுவா? வெறும் ஓட்டை.
சூடு கொஞ்சம் அதன் வழியே போய்விடுகிறது.
எழுத வெட்கமாயிருந்தது."
"எவ்வளவு அகலம்?"
"ஒரு ஆட்டு மூக்கு."
"அங்குலத்தில் சொல்லுங்கள்."
நீண்ட இடைவெளி. கதவு திறந்து, ஏதோ உருண்டு,
"இரண்டேகால்."

இன்னொரு நாள் முழுக்கத் தேடினாள்:
ஆமை முட்டைப் பெட்டிகள், தொப்பி உலர்த்திகள்,
தயிர் உறைய வைக்கும் அலமாரிகள்.
பிளவு எதிலும் இல்லை,
அதை வெட்டத் தோன்றவைக்கும் ஒரு வரியும் இல்லை.

அனுமதித்த கோரிக்கையில்
தாயும் இல்லை, மார்ச் மாதமும் இல்லை.
தளத்திலிருந்து நாலு அங்குல உயரத்தில்
இரண்டேகால் அங்குலப் பிளவு. முற்றுப்புள்ளி.

மூன்றாம் படத்துக் குட்டியை நீக்கச் சொல்ல
விதி இருக்கிறதா என்று பார்த்தாள்,
பாதியில் விட்டுவிட்டாள்.

இனி எந்த ஊரிலாவது ஒரு ரொட்டிக்காரன்
தன் மாவுப் பெட்டியில் அதே பிளவை வெட்டினால்,
எந்தத் தாயும் வந்து அந்த மாவை முகராது என்றாலும்
அவன் ஹார்லோட்டனுக்குப்
பதில் சொல்லவேண்டியிருக்கும்.